மச்சான், என் நங்கூரம் எங்க?

மொதல்ல ஆரம்பிச்சது நீதான். தலைய ஆட்டாத. அங்காயாக்தான் ஆரம்பிச்சான், அங்காயாக்னா நீ, அப்ப நீதான். நான் பாட்டுக்கு என் வேலையப் பாத்துக்கிட்டுக் கெடந்தவன். ஊர்ல யாரை வேணாலும் கேளு. பாதி ஊரு இந்த ஸ்கூல் ஹால்லதான் பாய விரிச்சுப் படுத்திருக்கு, எழுப்பிக் கேளு. யாகோ யார் வம்புக்காவது போனானான்னு கேளு... சரி, மோசஸைக் கேக்காத. அவன் உன் தம்பி. உன் பக்கம்தான் பேசுவான்.

வாயில இருக்கிற மீனை முழுங்கிட்டு அப்புறம் சிரி. தொண்டைல மாட்டிக்கிட்டா உங்கம்மா என்னைத்தான் திட்டுவா. "யாகோ மாமா, எங்கப்பாவக் கொஞ்சம் பாத்துக்குங்க, நான் சூப்பைக் கெளறிட்டு வந்துடறேன்"னு சொல்லிட்டுப் போயிருக்கா. எங்கப்பாவாம்! நாலு வயசு. மூக்கு ஒழுகுது. ஒரு கால்ல பூட்ஸக் காணோம். அவளே உன்னை அப்பான்னு கூப்பிடறா, அப்புறம் அவளே புடிச்சு மூக்கத் தொடைக்கிறா. அவளைச் சொல்லிக் குத்தமில்ல. உங்கம்மா ஆக்னஸோட அப்பன் அங்காயாக் செத்தான். அடுத்த குளிர்ல நீ பொறந்த. அவன் பேரை உனக்கு வெச்சு, தலைல தண்ணி தெளிச்சு, "வந்துட்டியா அப்பா"ன்னு அழுதா. பேரு வந்தா ஆளும் வந்தாச்சு. அன்னிலேர்ந்து அவளுக்கு நீ அப்பா, மோசஸுக்கு நீ அண்ணன், எனக்கு நீ மச்சான். டீச்சரம்மா உன்னை ட்ரினிட்டின்னு கூப்பிடுது, கூப்பிட்டுட்டுப் போகட்டும். அதெல்லாம் எங்கிட்ட நடக்காது. எங்க மாமன் மகன் எனக்கு மச்சான். செத்தாலும் மச்சான், பொட்டப்புள்ளையாப் பொறந்தாலும் மச்சான், தலைல ரெண்டு ரிப்பனைக் கட்டிக்கிட்டு வந்தாலும் மச்சான்.

அதனால தப்பிக்கலாம்னு பாக்காத. செத்துப் போனா கணக்குத் தீந்துடும்னு நெனச்சிருப்ப. வசமா வந்து மாட்டிக்கிட்ட.

இந்தா... கேட்டியா? கூரைல என்னமோ பிச்சுக்கிச்சு. தகரமா இருக்கும். பயப்படாத, இந்தக் கட்டடம் தூண் மேல நிக்குது, தண்ணி கீழால போயிட்டுக் கீழால வரும். பயந்தா எம் பக்கத்துல வந்து ஒக்காரு. அது ஒண்ணும் உன் மேல பாசத்துல சொல்லல. காத்து அந்தக் கதவுச் சந்துலேர்ந்து எம் மேல அடிக்குது, நீ நடுவுல ஒக்காந்தா மறைக்கும்.

ம். இப்ப எம் படகுக்கு வருவோம்.

எம் படகு எங்க? சொல்லு. ஜன்னல் வழியா நானும் வெடிஞ்சதுலேர்ந்து பாக்கறேன். எண்ணெ பீப்பா மெதந்து போகுது. யார் வீட்டுப் படியோ தனியாப் போகுது, ஏறி எறங்க ஆளில்லாம. பலகைப் பாதை மொத்தமும் பாம்பாட்டம் நெளியுது. பீட்டர் வீட்டு நாய்க்கூண்டு போச்சு, அதுமேல நாயே நின்னு வேடிக்க பாத்துக்கிட்டுப் போச்சு, அப்புறம் தண்ணில குதிச்சு நீந்தி வந்துடுச்சுன்னு வெச்சுக்க. எல்லாம் போகுது, எம் படகை மட்டும் காணோம். ஆத்தங்கரைல எங்க இருந்துச்சோ அங்க இப்ப கரையே இல்ல. வெள்ளையா அலைதான் வருது. படகு போச்சுன்னா என்ன ஆகும் தெரியுமா உனக்கு? கோடைல மீனு ஏது? கடல்நாய் ஏது? நீ இப்ப நக்கிக்கிட்டிருக்கியே கடல்நாய் எண்ணெ, அது கடையிலயா விக்கிறான்? இந்த வயசுல நான் இன்னொருத்தன் படகுல ஓரமா ஒக்காந்து, அவன் திரும்புன்னா திரும்பி, குனின்னா குனிஞ்சு... தூ! அதுக்குப் பேசாம வீட்டுல பொண்டாட்டி ஒலிங்காகூட ஒக்காந்து கையுறை தெச்சிடலாம்.

அதோ பாரு, அவ பேரைச் சொன்னதும் நிமிந்து பாக்கறா. காது ரெண்டும் கூர்மை. ஒண்ணுமில்ல ஒலிங்கா! மச்சான்கூடப் பேசிக்கிட்டிருக்கேன்! ...என்னது? அதைத்தான் நேத்தே சொன்னியா? சொன்ன, சொன்ன. யாரு இல்லன்னா?

அவ என்ன சொன்னான்னு கேட்டியா? "எல்லாரும் படகை மேட்டுல ஏத்தியாச்சு, உங்க படகு மட்டும் கரையில எதுக்குக் கெடக்கு, யாருக்குக் காத்திருக்கு"ன்னா. நான் இன்னும் ஒருவாட்டி கடல்நாய்க்குப் போகலாம்னு வெச்சிருந்தேன். அது தப்பா? இந்நேரத்துக்கு வழக்கமாக் கரையோரம் ஐஸு கட்டியிருக்கும். ஐஸு கட்டியிருந்தா எவ்வளவு பெரிய அலையும் வந்து முட்டிட்டுத் திரும்பிப் போகும். இந்த வருசம் ஐஸு எங்க? எங்கயோ தெக்கே கல்யாணத்துக்குப் போன மாதிரி இன்னும் வந்து சேரல. அதுக்கு நான் என்ன பண்ண?

எச்சரிக்கை வந்துச்சு, இல்லங்கல. வானிலைக்காரன் எப்பப் பாரு எச்சரிக்கைதான். காத்து எச்சரிக்கை, பனிப்புயல் எச்சரிக்கை, கடல் உள்ள வரும் எச்சரிக்கை. போன மாசம் இதே மாதிரி நம்ம ஊரு மார்த்தா, வீட்டுக்கு வீடு பேசிக்கிற ரேடியோல படிச்சா. "எல்லாரும் கேட்டுக்கோங்க, கடல் உள்ள வருது, ஸ்கூலுக்கு வந்துடுங்க"ன்னு மூக்கால படிச்சா. நான் அரிசி மூட்டைய எல்லாம் அலமாரி மேல ஏத்தி இடுப்பு புடிச்சுக்கிட்டதுதான் மிச்சம். கடல் எங்க வந்துச்சு? எட்டிப் பாத்துட்டுப் போயிடுச்சு. இந்தத் தடவயும் அப்படித்தான்னு நெனச்சேன். நெனச்சது தப்புன்னு இப்ப எல்லாரும் சொல்றாங்க. தண்ணி வந்த அப்புறம் எல்லாருமே வானிலைக்காரன்தான்.

ஆனா ஒண்ணு. கடல் எவ்வளவு வேணாலும் வரட்டும். படகுல நங்கூரம் இருந்திருந்தா? நான் தூங்கியிருப்பேன் மச்சான். கால நீட்டித் தூங்கியிருப்பேன். நங்கூரம் இல்ல. ஏன் இல்ல? யாரு வாங்கிட்டுப் போனது?

சொல்லு. தினமும் சொல்லுவியே. இப்பச் சொல்லு.

பாத்தியா! "கடல் எடுத்துக்கிச்சு!" வாய் நெறைய மீனை வெச்சுக்கிட்டும் அதை மட்டும் தெளிவாச் சொல்ற. உனக்குப் பேச்சு வந்ததும் உங்கம்மா சொல்லிக் குடுத்த மொத வார்த்தையே அதுதான். நான் காலையில டீயக் குடிச்சுட்டு ரேடியோவை எடுத்து, "மச்சான், மச்சான், என் நங்கூரம் எங்க?"ன்னு கேப்பேன். நீ உடனே "கடல் எடுத்துக்கிச்சு!"ன்னு கத்துவ. ஊர்ல ஒவ்வொரு வீட்டுலயும் ரேடியோ தெறந்தேதான் இருக்கு, எல்லாரும் கேட்டுச் சிரிச்சுட்டுத்தான் அடுப்பையே மூட்டறாங்க. ஒருநாள் எனக்குக் காய்ச்சல்னு கூப்பிடாம விட்டேன். "என்ன யாகோ, இன்னிக்கு நங்கூரம் கெடச்சிருச்சா"ன்னு நாலஞ்சு பேர் வீட்டுக்கே வந்துட்டாங்க. சுருக்கமாச் சொன்னா நான் இந்த ஊருக்குக் காலைச் செய்தி.

அது நல்ல நங்கூரம். இப்ப கடைல விக்கிறானே, புடிச்சா வளையற சமாசாரம், அது இல்ல. எங்கப்பன் கப்பல்காரன்கிட்ட கடல்நாய்த் தோலைக் குடுத்து வாங்கினது. இரும்புன்னா இரும்பு. நீ, அதாவது போன தடவ இருந்த நீ, "ஒரு நாளைக்குக் குடு மச்சான், மீனுக்குப் போறேன்"ன்ன. குடுத்தேன். போனப்ப நங்கூரத்தோட போன, வந்தப்பக் கையை வீசிக்கிட்டு வந்த. "கடல் எடுத்துக்கிச்சு மச்சான்"ன்ன. மொகத்துல ஒரு வருத்தம்? ஒரு வெக்கம்? ஒண்ணும் இல்ல. தொப்பிய பின்னாடி தள்ளிக்கிட்டு டீ கேட்ட. டீக்குச் சக்கரை வேற பத்தலன்ன!

நான் கோவப்பட்டேனா? படல. படக் கூடாது. அதான் நம்ம வழக்கம். மச்சான் மச்சானைக் கேலி பண்ணலாம், பொருளை எடுத்துட்டுப் போகலாம், ஊரு முன்னாடி மானத்த வாங்கலாம், பாட்டுக் கட்டலாம். வாங்கிக்கிட்டவன் சிரிக்கணும். சிரிச்சுட்டு, தன் முறை வர்றப்பத் திருப்பிக் குடுக்கணும். நானும் சிரிச்சேன். அந்த நங்கூரத்த நெனச்சு எத்தன வருசமாச் சிரிச்சுக்கிட்டிருக்கேன் பாரு, பல்லே தேஞ்சு போச்சு.

நங்கூரம் ரெண்டாவது. மொதல்ல பூட்ஸு.

எங்க ஓடற? ஒக்காரு. மீன் வேணுமா? இந்தா, வயித்துப் பாகம், உனக்குப் புடிச்சது. அப்பவும் இதைத்தான் பொறுக்கிப் பொறுக்கித் திம்ப, நாங்கல்லாம் வாலுப் பக்கத்த மென்னுக்கிட்டிருப்போம். ஒருத்தன் பேரு ஒரு கொழந்தைக்கு வந்தா புடிச்சதும் கூடவே வந்துடும்போல. திருட்டுத்தனமும்.

ஐஸு உடையற காலம். நீயும் நானும் வேட்டைக்குப் போறோம். தூரத்துல ஐஸு மேல கருப்பா ஒண்ணு படுத்திருக்கு. கடல்நாய்! நான் பாத்துட்டேன். நீ பின்னாடி பனி வண்டிகிட்ட நின்ன. நான் தொப்புன்னு படுத்தேன். வயித்தால ஊந்து, ஊந்து, ஊந்து போறேன். சட்டையெல்லாம் நனஞ்சு வயிறு மரத்துப் போச்சு. அது தலையத் தூக்கினா நானும் கடல்நாய் மாதிரி தலையத் தூக்கணும், அது படுத்தா நானும் படுக்கணும். அது தலையத் தூக்கவே இல்ல. நல்லாத் தூங்குதுன்னு சந்தோசம் எனக்கு. அது மிரளக் கூடாதுன்னு நகத்தால ஐஸைச் சொரண்டி, இன்னொரு கடல்நாய் வர்ற மாதிரி சத்தம் வேற குடுத்தேன். சொறக் சொறக், ஊருவேன். சொறக் சொறக், ஊருவேன். கிட்டப் போய்ப் பாத்தா... என் பூட்ஸு. என்னோட சொந்த ரப்பர் பூட்ஸு. காலைல என் வண்டிலேர்ந்து விழுந்தது.

சிரி, சிரி. நல்லாச் சிரி.

பூட்ஸு விழுந்ததுகூடப் பரவால்ல மச்சான். திரும்பிப் பாக்கறேன், நீ பெட்டி மேல கால்மேல கால் போட்டு ஒக்காந்து பைனாகுலர்ல பாத்துக்கிட்டே டீ குடிச்சுக்கிட்டிருக்க! அது பூட்ஸுன்னு உனக்கு மொதல்லயே தெரியும். ஒரு விசில் அடிச்சிருக்கலாம்ல? ஒரு கை காட்டியிருக்கலாம்ல? கேட்டா, "நீ சொரண்டின சொரண்டல்ல பூட்ஸு எந்திரிச்சு வரும்னு பாத்துக்கிட்டிருந்தேன்"ன்ன. இதுதான் மொதல் அநியாயம். அதான் சொன்னேன், மொதல்ல ஆரம்பிச்சது நீ.

அதோட விட்டியா? அந்தக் குளிர்ல ஆட்டக் கூட்டத்துல, பக்கத்து ஊருக்காரனெல்லாம் வந்திருக்கான், நீ மேளத்தை எடுத்துக்கிட்டு எந்திரிச்ச. "பூட்ஸு தூங்குது, எழுப்பாத"ன்னு பாட்டு. ஆட்டக்காரங்க வயித்தால ஊர்றாங்க, சொரண்டறாங்க, தலையத் தூக்கிப் பாக்கறாங்க. திரும்பப் பாடு, திரும்பப் பாடுன்னு கத்தறாங்க. எங்கம்மா சிரிச்சு மூச்சுத் திணறிட்டா. பெத்த தாய்! இன்னிக்கும் நான் பக்கத்து ஊருக்குப் போனா, என் பேரு தெரியாதவன்கூட எங்காலைத்தான் பாக்கறான், பூட்ஸு இருக்கான்னு.

நான் சிரிச்சேன். வழக்கம். அப்புறம் வீட்டுக்குப் போய் ஒக்காந்து என் பாட்டை யோசிச்சேன். உன்னப் பத்தி. எனக்கு உன்ன மாதிரி டக்குன்னு வராது. வார்த்தை கெடச்சா தாளம் வராது, தாளம் கெடச்சா ஒலிங்கா தண்ணி கொண்டா விறகு கொண்டான்னு கூப்பிடுவா. வருசக் கணக்காச்சு. ஆனா கட்டினேன் மச்சான். கடைசில கட்டி முடிச்சேன். என்ன பாட்டுன்னு இப்பக் கேக்காத, சொன்னா ருசி போயிடும். ஒரு மரநாய் வருது, ஒரு ஆவிக்குளியல் வருது, கோமணம்கூட இல்லாம ஒருத்தன் ஊர் நடுவுல ஓடறான், அவ்வளவுதான் சொல்லுவேன். மேளத்துக்குப் புதுத் தோல் போட்டு வெச்சேன். ஆட்டக் கூட்டம் வந்துக்கிட்டே இருக்கு. நீ என்ன பண்ணின?

செத்துப் போன.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாடி. யாரையும் கேக்கல, கொள்ளல. எம் மொறை வர்ற சமயமாப் பாத்து... அந்த வருசம் நான் மேளத்தத் தொடவே இல்ல. புதுத் தோலு, அப்படியே காஞ்சு வெடிச்சுப் போச்சு. அதுவும் உன் கணக்குலதான் இருக்கு.

என்ன மொறைக்கிற? நான் ஒண்ணும் அழல. பொகை. உங்கம்மா சூப்பை அடிபிடிக்க விட்டுட்டா போல.

அப்புறம் நீ வந்த. சரி வந்துட்டான்னு கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு. ஆனா இப்பப் பாட முடியுதா? நாலு வயசுக் கொழந்தைய நிக்க வெச்சு, கோமணம் இல்லாம ஓடினான்னு பாடினா ஊர் யாரைப் பாத்துச் சிரிக்கும்? என்னைப் பாத்துத்தான் சிரிக்கும். நீ வளரணும். வளந்து, வெக்கம் மானம் எல்லாம் வந்து, கூட்டத்துல மொகம் செவக்கற அளவுக்கு ஆகணும். எப்ப? எனக்கு முழங்கால் ரெண்டும் போச்சு. நீ மெதுவ்வா வளர்ற. வேணும்னே பண்றியோன்னுகூட எனக்குச் சந்தேகம்.

இவ்வளவும் போதாதுன்னு நேத்து.

நேத்து சாயங்காலம் வழக்கம் போல உங்க வீட்டு ஆவிக்கொட்டாய்க்குத்தான் வந்தேன். உங்கப்பன் வசீலி நல்லாக் கல்லைக் காய வெச்சிருந்தான். தண்ணிய ஊத்தினா ஆவி காதைக் கடிக்குது. அப்படியொரு சுகம். எலும்பெல்லாம் வெண்ணெயா உருகி வீட்டுக்குப் போய் விழுந்தேன். அப்பத்தான் மார்த்தா ரேடியோல மறுபடி படிக்கிறா, இந்தத் தடவ குரலே வேற மாதிரி இருந்துச்சு. "காலைல பெரிய தண்ணி, படகை எல்லாம் மேல ஏத்துங்க, இது வெளையாட்டு இல்ல." ஒலிங்கா என்னைப் பாக்கறா. நான் கூரையப் பாக்கறேன். அந்த நெலமைல எந்திரிச்சு, உடுத்தி, ஆத்தங்கரை வரைக்கும் நடந்து... மோசஸ் வீடு படகுக்குப் பக்கத்துலதானே இருக்கு? அவனும் எனக்கு மச்சான்தானே? அவன் எறங்கி ஒரு இழு இழுத்தா முடிஞ்சுது. படுத்தபடியே கையை நீட்டி ரேடியோவை எடுத்தேன். "மச்சான், மச்சான், எம் படகை மேல இழுத்து நல்லாக் கட்டிடு."

"சரி!"ன்னு பதில் வந்துச்சு.

குரல் கொஞ்சம் கீச்சுன்னுதான் இருந்துச்சு. மோசஸுக்குச் சளி புடிச்சிருக்கும்னு நெனச்சேன். "ஒடம்பப் பாத்துக்க மச்சான், சூடா எதையாவது குடி"ன்னு கூடச் சொன்னேன். அதுக்கும் "சரி!" வெச்சுட்டுத் தூங்கிட்டேன்.

சொன்னது யாரு? இப்ப ஏன் பாய்க்கடியில தலையைக் கொண்டு போற? சரின்னு சொன்னது நீதான்! ஊரே கேட்டுச்சு!

காலைல இங்க வந்து மோசஸைக் கேக்கறேன், "படகை எங்க கட்டின?" "எந்தப் படகு?"ங்கறான். "நேத்து சரின்னியே?" "நானா? நீ மச்சான்னு கூப்பிட்ட, அண்ணன் சரின்னாரு, வழக்கமா நீங்க ரெண்டு பேரும் ரேடியோல அடிக்கிற கூத்துன்னு நானும் என் பொண்டாட்டியும் சிரிச்சுக்கிட்டே டீ குடிச்சோம்"ங்கறான். டீ! உங்க குடும்பமே எம் பொழப்பு போறப்ப டீதான் குடிக்கும். பீட்டரும் கேட்டானாம், சிரிச்சானாம். மார்த்தாவும் சிரிச்சாளாம், எச்சரிக்கை படிச்ச அவளே! ஒரு ஊரு பூரா எம் படகை மேல ஏத்தச் சொல்லி நான் சொன்னதைக் கேட்டுச்சு, ஒருத்தன் எந்திரிக்கல.

ஒலிங்கா என்ன சொல்றா தெரியுமா? "மோசஸ்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்ல, இல்ல எந்திரிச்சு ரெண்டு எட்டு நடந்திருக்கலாம்ல"ங்கறா. மச்சானை எவனாவது பேரைச் சொல்லிக் கூப்பிடுவானா? மரியாதை வேணாம்? இவளுக்கு எல்லாத்துலயும் நான்தான் தப்பு.

உங்கம்மா அதுக்கு மேல. "மாமா, அப்பா சொன்ன வாக்கைக் காப்பாத்தினார், நேத்தே மஞ்சப் படகைத் தூக்கிட்டு வந்து கட்டில் கால்ல கட்டினார்"ங்கறா. பிளாஸ்டிக் படகு! குளிக்கறப்ப வெளையாடறது! நல்லா இறுக்கிக் கட்டினியாமே, அவிழ்க்கவே முடியலையாமே. அந்த முடிச்சு போட யாரு சொல்லிக் குடுத்தா? ...நானா? நான் எப்பச் சொல்லிக் குடுத்தேன்? ...அது வேற விசயம். பேச்சை மாத்தாத.

என்ன அங்க சத்தம்? வசீலி வந்துட்டான். உங்கப்பன். ஒடம்பு பூரா ஐஸு, மீசைல ஐஸு. தண்ணிக்குள்ள எறங்கிப் பாக்கப் போனான், பாவம். நல்ல பையன், உங்க குடும்பத்துல பொண்ணு எடுத்ததைத் தவிர அவன் மேல குத்தமில்ல. வசீலி! இங்க வா! எம் படகு?

...எங்க?

...உன் வீட்டுலயா? உன் வீட்டு வாசல்லயா? ஆத்தங்கரை எங்க, உன் வீடு எங்க! அதுவே வந்துச்சா? ...ஓட்டை ஒடசல்? ...மோட்டர்? ...ஆங். ஆங். ஒலிங்கா! படகு இருக்குடி! ...இரு இரு, ஏன் சிரிக்கிற வசீலி? எதுல மாட்டி நின்னுச்சுன்ன? கவுறு எதுல மாட்டிச்சு?

...திரும்பச் சொல்லு.

...ஆவிக்கொட்டாய்க்கு அடியிலயா?

மச்சான். என்னைப் பாரு. நிமிந்து எங்கண்ணப் பாரு. காத்துல கொட்டாய் பறந்துடக் கூடாதுன்னு, அதுக்கு அடியில பள்ளந் தோண்டி, என் நங்கூரத்தப் பொதச்சு, கொட்டாயை அதுல இழுத்துக் கட்டியிருக்க! இப்பத் தண்ணி வந்து மண்ண அரிச்சு, கொக்கி வெளிய வந்து, எம் படகு இழுத்துக்கிட்டு வந்த கவுறு அதுல சிக்கி நின்னிருக்கு!

நான்... நான் வாரா வாரம் அந்தக் கொட்டாயில ஒக்காந்திருக்கேன்டா! நங்கூரத்து மேலயே ஒக்காந்துக்கிட்டு, "எங்கப்பன் நங்கூரம் போச்சே மச்சான்"னு பொலம்பியிருக்கேன். நீ எதுத்தாப்ல ஒக்காந்து, பாவம் மாதிரி மொகத்த வெச்சுக்கிட்டு, "கடல் எடுத்துக்கிச்சு, விடு மச்சான்"னு சொல்லிக் கல்லு மேல இன்னொரு குவளை தண்ணி ஊத்துவ! இத்தன வருசம்! ஒருவாட்டி எனக்கு அழுகையே வந்துச்சு, நீ துண்டு குடுத்த!

நேத்து சாயங்காலம்கூட அதுமேலதான் ஒக்காந்திருந்தேன்.

சரி, போகட்டும். வசீலி, தண்ணி வடிஞ்சதும் நங்கூரத்தத் தோண்டி எங்கிட்டக் குடுத்துடு. ...என்னது? எடுக்க முடியாதா? எடுத்தா கொட்டாய் அடிச்சுக்கிட்டுப் போயிடுமா? நீயும் வாரா வாரம் வர்ற கொட்டாய்தானே மாமான்னு எங்கிட்டயே கேக்கறியா? ...போ, போய் ஈரத்தக் கழட்டு. போ.

கேட்டியா மச்சான், உங்கப்பன் பேச்சை. நங்கூரம் வரல. படகும் உங்க வீட்டு வாசல்ல. முன்ன எங்கிட்டப் படகாவது இருந்துச்சு, இப்ப ரெண்டும் உங்கிட்ட. படகைக் காப்பாத்திக் குடுத்தேன்னு பெருமை அடிச்சுக்காத. அதைக் காப்பாத்தினது எங்கப்பன் நங்கூரம், உன் திருட்டுத்தனம் இல்ல. கலக்காத ரெண்டையும். நாளைக்கு ஊரு என்ன சொல்லும்? "அங்காயாக் செத்தும் மச்சான் படகைப் புடிச்சு நிறுத்தினான்"னு சொல்லும். ஒருத்தனும் "யாகோ நங்கூரம்"னு சொல்ல மாட்டான். இதுக்கும் சேத்து நீ பதில் சொல்லணும். நாலு கேள்வி கேக்கறேன், மொதக் கேள்வி...

மச்சான்?

எங்க போன? ...இங்கதானே இருந்த. மீனையும் காணோம். என் பங்கும் சேத்து. வெறும் தோல்தான் கெடக்கு.

மேளம் யாரு அடிக்கிறா? ஓ, கரன்ட் போச்சு, பசங்களுக்குப் பொழுது போகணும்னு பீட்டரும் மோசஸும் மேளத்த எடுத்துட்டாங்களா. அடிக்கட்டும். படகு கெடச்ச சந்தோசத்துக்கு அடிக்கட்டும். ஒலிங்கா, தள்ளி ஒக்காரு, பாக்க முடியல... இது என்ன தாளம்? மோசஸ்! டேய் மோசஸ், இந்தத் தாளம் வேண்டாம்! வேற பாட்டு இல்லையா ஊர்ல!

நடுவுல யாரது. ரெண்டு ரிப்பன்.

வயித்தால ஊர்றா. ஒத்தக் கால்ல பூட்ஸோட. சொரண்டறா. தலையத் தூக்கறா. என்னைப் பாக்கறா. யாரு சொல்லிக் குடுத்தா? ஆக்னஸ், நீயா? ...யாரும் சொல்லிக் குடுக்கலையாம். அப்புறம் இது என்ன புதுசா, கையைக் காதுகிட்டக் கொண்டு போறா, ரேடியோ மாதிரி... "சரி!"ங்கறா!

சிரிக்கிறாங்க. மொத்த ஹாலும் சிரிக்குது. வசீலி நடுங்கிக்கிட்டே சிரிக்கிறான். ஒலிங்கா, நீயுமா? திரும்பப் பாடச் சொல்றாங்க. பாடு, பாடு. நானும் சிரிக்கிறேன், பாத்துக்க, நல்லாப் பாத்துக்க, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். கோவமே இல்ல.

ஆனா மச்சான்! அங்கேர்ந்தே கேட்டுக்க! எம் முறை இன்னும் பாக்கி இருக்கு! பாட்டு தயாரா இருக்கு, மேளத்துக்கு மறுபடி தோல் போடறேன். நீ வளந்து முடிக்கற வரைக்கும் நான் எங்கயும் போறதா இல்ல. நீயும் இந்தத் தடவ, சொல்லாம கொள்ளாம எங்கயும் போயிடக் கூடாது. கேட்டியா?

...எங்க, சரின்னு சொல்லு.